முட்டைக்கு விடுதலை கிடைத்தது, தேங்காய் எண்ணெய்க்குக் கிடைக்கவில்லை

கேள்வி: என் கணவருக்கு வயது 53. திங்கள்சந்தை பக்கத்தில் மளிகைக் கடை நடத்துகிறார். இரண்டு மாதம் முன்பு இரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 236, ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு இரத்தக் கொழுப்பு 240, நல்ல கொலஸ்ட்ரால் என்கிற எச்.டி.எல். 38, கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்.டி.எல். 150 என்று வந்தது. மூன்று மாதச் சர்க்கரை சராசரி 6.1. டாக்டர் இரவில் போட அடோர்வாஸ்டாடின் 10 மாத்திரை எழுதினார். முட்டை மஞ்சள் கருவும் தேங்காயும் வேண்டாம் என்றார். மூன்று வாரம் ஒழுங்காகப் போட்டார். அப்புறம் குவைத்தில் இருக்கும் கொழுந்தன் வாட்ஸ்அப்பில் வரிசையாக வீடியோ அனுப்ப ஆரம்பித்தார். முட்டை மேல் இருந்த தடையை அமெரிக்காவே நீக்கிவிட்டது, கொலஸ்ட்ரால் என்பதே மருந்துக் கம்பெனிகளின் கட்டுக்கதை, தேங்காய் எண்ணெய்தான் அமிர்தம் என்று அதில் சொல்கிறார்கள். அன்றோடு மாத்திரை நின்றது. இப்போது தினமும் காலையில் புட்டுக்கு மேல் மூன்று முட்டை ஆம்லெட், அதுவும் தேங்காய் எண்ணெயில். "எங்க அம்மா 86 வயசு வரைக்கும் தேங்காய்தானே சாப்பிட்டா" என்கிறார். ஆனால் அவருடைய அண்ணன் 47 வயதில் நெஞ்சுவலியில் போய்விட்டார். எனக்கு அந்தப் பயம்தான். பதினைந்து வருஷமாக மஞ்சள் கருவை எடுத்து நாய்க்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அதெல்லாம் வீணா? யார் சொல்வதை நம்புவது?

பதில்:

மற்றதெல்லாம் மெதுவாகப் பேசலாம். முதலில் மாத்திரை. எழுதிக் கொடுத்த டாக்டரிடம் இந்த வாரமே போய், நடுவில் நிறுத்தியதை மறைக்காமல் சொல்லி, மறுபடி ஆரம்பிக்க வையுங்கள். திட்டுவாரோ என்று தயங்க வேண்டாம். வீடியோ பார்த்து மாத்திரையை நிறுத்தியவர்கள் வாரத்துக்கு நாலு பேராவது எங்கள் அறைக்குள் வருகிறார்கள், எங்களுக்கு இது பழகிப்போன விஷயம்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது 236 என்ற எண் இல்லை. அண்ணன் 47 வயதில் இறந்தார் என்ற வரிதான். கூடப்பிறந்த ஆணுக்கு 55 வயதுக்கு முன்பே மாரடைப்பு வந்திருந்தால், மற்றச் சகோதரர்களின் ஆபத்தை அதற்கேற்பக் கூட்டித்தான் நாங்கள் கணக்குப் போடுவோம். அதோடு எச்.டி.எல். குறைவு, ட்ரைகிளிசரைடு அதிகம், சர்க்கரை எல்லைக் கோட்டில். இவ்வளவும் சேர்ந்த ஒருவருக்கு மாத்திரை எழுதிய டாக்டர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

சரி, இப்போது முட்டை. கொழுந்தன் அனுப்பிய வீடியோக்களில் பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் ஒத்துக்கொண்டுவிடலாம்.

முட்டை மீதான சந்தேகம் நூறு வருஷத்துக்கு மேல் பழையது. 1913 இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிக்கோலாய் அனிச்கோவ் என்ற ஆய்வாளர் முயல்களுக்குக் கொலஸ்ட்ராலை எண்ணெயில் கரைத்துக் கொடுத்துப் பார்த்தார். அவற்றின் இரத்தக் குழாய்களில் மனிதர்களுக்கு வருவது போன்ற படிவு வந்தது. பெரிய கண்டுபிடிப்புதான், சந்தேகமில்லை. ஆனால் முயல் இலை தழை தின்கிற பிராணி. கொலஸ்ட்ரால் தாவரத்தில் கிடையாது, விலங்கு உணவில் மட்டும்தான் உண்டு. பிறந்ததிலிருந்து அதைப் பார்த்தே இராத உடம்புக்கு அதை வாரிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் அந்தச் சோதனை காட்டியது. நாய்க்குக் கொடுத்தபோது அப்படி எளிதில் வரவில்லை. (உங்கள் வீட்டு நாயைப் பற்றி அந்த வகையில் கவலை வேண்டாம்.)

கொழுப்புக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை உலகம் முழுக்கப் பேச வைத்தவர் அமெரிக்காவின் மினசோட்டாவில் இருந்த ஆன்செல் கீஸ். ஏழு நாடுகளில் அவர் ஆரம்பித்த ஆய்வு 1958 இல் தொடங்கியது. வீடியோக்களில் இவரை வில்லனாகக் காட்டுவது வழக்கம். ஆனால் இவரே 1950களில் சொன்னது வேறு: சாப்பாட்டில் இருக்கும் கொலஸ்ட்ரால் இரத்தக் கொலஸ்ட்ராலைப் பெரிதாக ஏற்றுவதில்லை, நிறைவுற்ற கொழுப்புதான் (நெய், வெண்ணெயில் நிறைய இருப்பது) ஏற்றுகிறது. இந்த ஒரு வித்தியாசம் உங்கள் கேள்வி முழுவதற்கும் சாவி. கொஞ்சம் பொறுங்கள், திரும்ப வருகிறேன்.

1968 இல் அமெரிக்க இதயச் சங்கம் ஒரு விதி போட்டது. நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ராலுக்கு மேல் வேண்டாம், வாரத்துக்கு மூன்று மஞ்சள் கருவுக்கு மேல் வேண்டாம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 180 முதல் 200 மில்லிகிராம் இருக்கிறது. ஆகவே இரண்டு முட்டை தின்றாலே கோட்டா தாண்டிவிடும். அந்த விதிதான் அப்படியே எங்கள் பாடப் புத்தகங்களுக்கு வந்து, மாத்திரைச் சீட்டின் பின்பக்கத்தில் "மஞ்சள் கரு வேண்டாம்" என்று எழுதப்பட்டு, உங்கள் அடுக்களை வரை வந்து சேர்ந்தது.

அப்புறம் ஏன் மாற்றினார்கள்? உடம்பு சும்மா இருப்பதில்லை என்பது தெரிய வந்ததால். நம் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம் உடம்பே செய்துகொள்கிறது, அதில் ஈரலுக்குப் பெரிய பங்கு. பித்தநீர், ஹார்மோன்கள், ஒவ்வொரு செல்லின் உறை எல்லாவற்றுக்கும் அது வேண்டும். சாப்பாட்டில் கூடுதலாக வந்தால் பெரும்பாலானவர்களின் ஈரல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும், குடலும் குறைவாக உறிஞ்சும். 1991 இல் கொலராடோ மருத்துவர் ஃப்ரெட் கெர்ன் ஒரு விநோதமான நோயாளியைப் பற்றி எழுதினார். 88 வயது முதியவர், ஏதோ மனப்பழக்கத்தில் தினமும் 25 முட்டை வேகவைத்துத் தின்று வந்தார், அதுவும் பல வருஷங்களாக. இரத்தக் கொலஸ்ட்ரால் 200ஐத் தாண்டவில்லை! சோதித்தபோது, தின்ற கொலஸ்ட்ராலில் 18 சதவீதத்தைத்தான் அவர் குடல் உறிஞ்சியது, உறிஞ்சியதிலும் நிறையவே ஈரல் பித்த அமிலமாக மாற்றித் தள்ளியது. எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடையாது. சிலருக்கு முட்டை கூடினால் எல்.டி.எல்.லும் நன்றாகவே கூடும். உங்கள் கணவர் எந்த வகை என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, திரும்ப ஒரு பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

1999 இல் அமெரிக்காவில் செவிலியர்களையும் சுகாதாரத் துறை ஆண் ஊழியர்களையும் பல வருஷம் தொடர்ந்து பார்த்த ஹார்வர்ட் ஆய்வு வெளியானது. ஆரோக்கியமானவர்கள் நாளைக்கு ஒரு முட்டை வரை தின்பதால் இதய நோய் கூடவில்லை, ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் கூடியது போலத் தெரிந்தது. 2015 இல் அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி 300 மில்லிகிராம் என்ற வரம்பை எடுத்துவிட்டது. கொழுந்தன் சொல்லும் "தடை நீக்கம்" இதுதான். அதே வழிகாட்டியில், நிறைவுற்ற கொழுப்பு மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற வரி அப்படியே இருந்தது, இன்றும் இருக்கிறது. அதை வீடியோக்காரர்கள் படிப்பதில்லை. படித்தாலும் சொல்வதில்லை.

சண்டை முழுதாக முடிந்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். 2019 இல் அமெரிக்காவின் ஆறு ஆய்வுக் குழுக்களில் சுமார் 29,600 பேரின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்தபோது முட்டை கூடக் கூட இதய நோய் சற்றுக் கூடியது. அடுத்த வருஷமே வந்த பெரிய தொகுப்பாய்வில் நாளைக்கு ஒரு முட்டை வரை தொடர்பு இல்லை என்று வந்தது, ஆசியர்களிடம் ஆபத்து சற்றுக் குறைவாகவே தெரிந்தது. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. அமெரிக்காவில் முட்டை தனியாகத் தட்டுக்கு வருவதில்லை, பன்றி இறைச்சியும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் கூட வரும். முட்டையோடு என்ன வருகிறது, முட்டை எதற்குப் பதிலாக வருகிறது என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். இந்த விஷயத்தில் என் நிலை இதுதான்: உங்கள் வீட்டுத் தட்டில் குற்றவாளிகளை வரிசையாக நிறுத்தினால் முட்டை கடைசியில் நிற்கும்.

முதலில் யார் நிற்பார் என்றால், நம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்குக் கேட்கப் பிடிக்காது. தேங்காய் எண்ணெய்.

முன்பு சொன்ன சாவி இங்கேதான் திறக்கிறது. முட்டையில் கொலஸ்ட்ரால் உண்டு, ஆனால் நிறைவுற்ற கொழுப்பு ஒன்றரை கிராம்தான். தேங்காய் எண்ணெயில் கொலஸ்ட்ரால் ஒரு துளி கிடையாது, ஆனால் கிட்டத்தட்ட 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று எண்ணெய்ப் பாக்கெட்டில் பச்சை எழுத்தில் போட்டிருப்பதை உங்கள் கடையிலேயே பார்த்திருப்பீர்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் அது இருந்ததே இல்லை. அந்த வரிக்காக ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம்.

நிறைவுற்ற கொழுப்பு என்ன செய்கிறது? ஈரல் செல்களின் மேல் கொக்கி போன்ற ஏற்பிகள் இருக்கின்றன. இரத்தத்தில் சுற்றும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுப்பது அவற்றின் வேலை. இதைக் கண்டுபிடித்த மைக்கேல் பிரவுனுக்கும் ஜோசஃப் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985 இல் நோபல் பரிசு கிடைத்தது. நிறைவுற்ற கொழுப்பு கூடினால் இந்தக் கொக்கிகளின் வேலை மந்தமாகும், எல்.டி.எல். இரத்தத்திலேயே தங்கிச் சுற்றும். உங்கள் கணவர் நிறுத்திவைத்த மாத்திரை இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது: ஈரல் தானே செய்யும் கொலஸ்ட்ராலைக் குறைத்து, கொக்கிகளைக் கூட வைக்கிறது. ஆக, மாத்திரையை நிறுத்தி, ஆம்லெட்டைத் தேங்காய் எண்ணெயில் பொரித்து, ஒரே சமயத்தில் இரண்டு பக்கமும் கொக்கியைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.

தேங்காய் எண்ணெயை ஆதரிப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கொச்சியில் இதய நோயாளிகளிடம் நடந்து 2016 இல் வெளிவந்த ஆய்வில், இரண்டு வருஷம் தேங்காய் எண்ணெய் பயன்படுத்தியவர்களுக்கும் சூரியகாந்தி எண்ணெய் பயன்படுத்தியவர்களுக்கும் கொலஸ்ட்ரால் அளவில் பெரிய வித்தியாசம் வரவில்லை. இந்த ஆய்வை வீடியோவில் கட்டாயம் காட்டுவார்கள். ஆனால் அவர்கள் முறையான சிகிச்சையில் இருந்தவர்கள், அந்தச் சிகிச்சையில் கொலஸ்ட்ரால் மாத்திரையும் அடங்கும். மருந்து இல்லாமல் நடந்தவை உட்பட உலகெங்கும் செய்த சோதனைகளைச் சேர்த்து 2020 இல் ஒரு கணக்கு வந்தது. மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லைச் சுமார் 10 புள்ளி கூட்டுகிறது, எச்.டி.எல்.லைச் சுமார் 4 புள்ளி கூட்டுகிறது. எச்.டி.எல். கூடுவது நல்லதுதானே என்று கேட்பார். மருந்து கொடுத்து அதைக் கூட்டிப் பார்த்த ஆய்வுகளில் மாரடைப்பு குறையவில்லை. எல்.டி.எல்.லைக் குறைத்தபோது குறைந்தது. அதனால் நான் எல்.டி.எல். பக்கம்தான் பார்ப்பேன்.

இனி உங்கள் மாமியார். தேங்காய் சாப்பிட்டு 86 வயது வரை இருந்தார், அது பொய்யில்லை. பசிபிக் கடலில் டோக்கெலாவ், புக்காபுக்கா என்று தீவுகள் உண்டு. அங்கே மக்களின் சாப்பாட்டில் தேங்காய்தான் பெரும்பங்கு, டோக்கெலாவில் மொத்தக் கலோரியில் பாதிக்கு மேல் தேங்காயிலிருந்தே வந்தது. 1981 இல் வெளியான ஆய்வில் அவர்களிடம் இதய நோய் அரிதாகவே இருந்தது. வீடியோ இங்கேயே முடிந்துவிடும். ஆனால் தேங்காய் கூடுதலாகத் தின்ற தீவில் கொலஸ்ட்ராலும் கூடுதலாக இருந்தது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. அவர்கள் தேங்காயோடு தின்றது மீனும் கிழங்கும். சீனியும் மைதாவும் சொற்பம், உட்கார்ந்து செய்யும் வேலையும் குறைவு. மாமியாரும் தண்ணீர் சுமந்து, ஓலை முடைந்து, வயலுக்கு நடந்து வாழ்ந்தவராகத்தான் இருப்பார். அவர் மீன் குழம்புக்கு அம்மியில் அரைத்த தேங்காயும், கடைக் கல்லாவில் காலை ஏழு மணி முதல் இரவு பத்து மணி வரை உட்கார்ந்திருக்கும் மகன் தின்னும் நேந்திரங்காய் சிப்ஸும் ஒன்றாகாது. இன்னொன்றும் உண்டு. அந்த அம்மா பெற்ற மூத்த மகன் 47 வயதில் போயிருக்கிறார். ஒரு குடும்பத்திலேயே ஒருவரை உதாரணம் காட்டினால் மற்றவரையும் காட்டத்தான் வேண்டும்.

தேங்காயைத் துரத்தச் சொல்லவில்லை. நம் ஊரில் அது நடக்கவும் நடக்காது, "தேங்காய் வேண்டாம்" என்று மொட்டையாகச் சொல்லும் டாக்டர்களின் பேச்சை அதனால்தான் ஒரு வாரத்துக்கு மேல் யாரும் கேட்பதில்லை. துருவிய தேங்காய் 100 கிராமில் 33 கிராம் கொழுப்பு இருக்கிறது, கூடவே 9 கிராம் நார்ச்சத்தும் இருக்கிறது. எண்ணெயில் அந்த நார் கிடையாது. அதனால் துவரனுக்கு (தேங்காய் போட்ட காய்கறிப் பொரியல்) ஒரு கைப்பிடி துருவல் போடுங்கள். மீன் குழம்புக்கு இப்போது அரைப்பதில் பாதி அரைத்து, மீதிக்கு சின்ன வெங்காயமும் மல்லியும் கூட்டுங்கள், குழம்பு கெட்டியாகத்தான் இருக்கும். அவியல் இறக்கும்போது மேலே ஊற்றும் பச்சைத் தேங்காய் எண்ணெய் ஒரு ஸ்பூன், அது வாசனைக்கு, இருக்கட்டும். தாளிப்பதற்கும் வதக்குவதற்கும் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ போதும். கடலை எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஐந்தில் ஒரு பங்குக்குள், நல்லெண்ணெயில் அதையும் விடக் குறைவு. ரேஷன் பாமாயில் ஏறக்குறைய பாதி. விலைக்கு அது உதவியாக இருப்பது தெரியும், ஆனால் இவருக்கு அது வேண்டாம்.

எந்த எண்ணெய் என்பதைப் போலவே எவ்வளவு எண்ணெய் என்பதும் முக்கியம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கலோரி உணவுக்கு 27 கிராம் எண்ணெய் என்று வைத்திருக்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அது மாதம் சுமார் மூன்றரை லிட்டர். மளிகைக் கடை வைத்திருப்பவர் வீட்டில் எண்ணெய்க்குக் கணக்குப் பார்ப்பது கஷ்டம், தீர்ந்தால் கடையிலிருந்து இன்னொரு பாக்கெட் வந்துவிடும். மாத முதல் நாள் மூன்றரை லிட்டரை எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். முதல் மாதம் இருபதாம் தேதியே காலியாகும். பரவாயில்லை, எங்கே போகிறது என்று தெரியும்.

அடுத்த குற்றவாளியைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. ட்ரைகிளிசரைடு 240, எச்.டி.எல். 38, சர்க்கரை 6.1. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அது முட்டையாலோ தேங்காயாலோ வந்தது இல்லை. சோறு, சீனி, மைதா, அசையாத உடம்பு. சாயங்காலம் குடிக்கும் பழக்கம் இருந்தால் அதுவும். நீங்கள் எழுதவில்லை, இருந்தால் டாக்டரிடம் மட்டும் சொல்லுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) பெரிய ஆய்வு ஒன்று 2025 இல் சொன்னபடி, இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. நம் வீட்டில் காலையில் புட்டும் பழமும், மத்தியானம் குவியலாகச் சோறு, நாலு மணிக்கு மரச்சீனிக் கிழங்கு, ராத்திரி பரோட்டா, நடுவில் கடையில் சீனி போட்ட டீ நாலைந்து. இதில் மூன்று முட்டையைக் கூடுதலாக வைத்தால் அது கூடுதல்தான். புட்டை ஒரு துண்டாகக் குறைத்து, பயறு ஒரு கிண்ணமும் ஒரு முட்டையும் வைத்தால் அது மாற்று. மத்தியானம் ஒரு கரண்டி சோறு போகட்டும், அந்த இடத்துக்குத் துவரன் வரட்டும். டீயில் சீனியை மொத்தமாக நிறுத்தச் சொன்னால் சண்டை வரும், நாலு டீயை இரண்டாக்குங்கள், பிறகு சீனியைக் குறையுங்கள். இரவு கடை அடைத்ததும் அரை மணி நேரம் நடந்து வரட்டும். ட்ரைகிளிசரைடு இப்படிச் செய்தால் வேகமாகவே இறங்கும், இரண்டு மாதத்தில் கண்ணுக்குத் தெரியும்.

டீக்கடைப் பலகாரம், பேக்கரி பப்ஸ். வனஸ்பதியில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பை 2 சதவீதத்துக்குள் வைக்க வேண்டும் என்று 2022 ஜனவரி முதல் நாடு முழுக்கச் சட்டம் இருக்கிறது, நல்ல சட்டம். ஆனால் அதே எண்ணெயை நாள் முழுக்கக் காய்ச்சிப் பொரித்த ரசவடையைச் சட்டம் வந்து தடுக்காது.

மீனைப் பொறுத்தவரை நாம் கொடுத்துவைத்தவர்கள். குளச்சலிலும் முட்டத்திலும் வந்து இறங்கும் சாளை, அயிலை, நெத்திலியில் இருக்கும் ஒமேகா 3 கொழுப்பு ட்ரைகிளிசரைடைக் குறைக்கும். வாரத்தில் மூன்று நாள் தாராளமாக. குழம்பாக, அவியலாக, பொரிக்காமல். இறாலிலும் கணவாயிலும் கொலஸ்ட்ரால் அதிகம் என்று பயப்படுவார்கள், அதில் நிறைவுற்ற கொழுப்பு சொற்பம். எப்போதாவது ஒரு நாள் தின்பதால் ஒன்றும் ஆகாது. ஆட்டு ஈரலும் மாட்டுக் கொழுப்பும் அப்படி இல்லை.

முட்டை எத்தனை என்று கேட்டால், உங்கள் கணவருக்கு வாரத்தில் நாலு, அஞ்சு முழு முட்டை. அவித்தது, அல்லது சின்ன வெங்காயம் அரிந்து போட்டு ஒரு சின்ன ஸ்பூன் நல்லெண்ணெயில் செய்தது. சர்க்கரை எல்லைக் கோட்டில் இருப்பதால்தான் நாள்தோறும் என்று சொல்லாமல் இருக்கிறேன். பசி அடங்கவில்லை என்றால் கூட இரண்டு வெள்ளைக் கரு சேர்க்கலாம். உங்களுக்குக் கொலஸ்ட்ராலும் சர்க்கரையும் சரியாக இருந்தால் நாளைக்கு ஒன்று தாராளமாகத் தின்னலாம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் மஞ்சள் கருவை ஒருநாளும் எடுக்காதீர்கள், பி12, கோலின், வைட்டமின் டி எல்லாம் அதில்தான் இருக்கிறது. நாட்டுக்கோழி முட்டையில் கொலஸ்ட்ரால் இல்லை என்று சந்தையில் சொல்வது வியாபாரம். கருவின் நிறம் தீனியால் வருவது. தாரா (வாத்து) முட்டை விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை: அது பெரியது, ஒன்றிலேயே கொலஸ்ட்ரால் 600 மில்லிகிராமை ஒட்டி வரும். ஆப்பாயில் வேண்டாம், நன்றாக வேகட்டும்.

பதினைந்து வருஷம் வீணா என்று கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் சத்து போயிற்று, கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை. அன்றைக்கு இருந்த அறிவுக்கு அது சரியான ஆலோசனை. அறிவு வளர்ந்தால் ஆலோசனையும் மாறும். மாறியதாலேயே முன்பு சொன்னவர்கள் பொய்யர்கள் என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு மாறப்போகும் வீடியோவையும் நம்ப முடியாது.

கம்பெனிச் சதி என்ற பேச்சுக்கு ஒரு வார்த்தை. சதி இல்லவே இல்லை என்று நான் வாதாட மாட்டேன். 1960களில் அமெரிக்கச் சர்க்கரை ஆலைகளின் அமைப்பு ஹார்வர்ட் ஆய்வாளர்களுக்குப் பணம் கொடுத்து, பழியைச் சர்க்கரையிலிருந்து கொழுப்பின் பக்கம் திருப்பி எழுத வைத்தது. 1967 இல் வந்த அந்தக் கட்டுரையின் பின்னணி 2016 இல்தான் வெளியே வந்தது. முட்டை ஆய்வுகளில் சிலவற்றுக்கு முட்டை வியாபாரிகள் பணம் கொடுத்திருக்கிறார்கள், கொழுந்தன் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் எல்.டி.எல். விஷயம் ஒரு கட்டுரையில் தொங்கவில்லை. பிறவியிலேயே அந்தக் கொக்கிகள் குறைவாக உள்ள குடும்பங்களில் முப்பது, நாற்பது வயதில் மாரடைப்பு வருகிறது. அவர்களுக்கு எந்தக் கம்பெனியும் வந்து சொல்லிக்கொடுக்கவில்லை. 1994 இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்த சோதனையில் ஸ்டாடின் மாத்திரை (உங்கள் கணவருக்கு எழுதியதும் இந்த வகைதான்) எடுத்தவர்களிடம் இறப்பு 30 சதவீதம் குறைந்தது. அதற்கும் மருந்துக் கம்பெனிதான் செலவு செய்தது. ஆனால் அதற்குப் பிறகு பல நாடுகளில், பல கைகளால், திரும்பத் திரும்பச் சோதித்தாயிற்று. எல்.டி.எல். சுமார் 39 புள்ளி இறங்கினால் மாரடைப்பும் பக்கவாதமும் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று கணக்கு ஒரே மாதிரிதான் வருகிறது.

உணவை மட்டும் மாற்றினால் எல்.டி.எல். பத்து, பதினைந்து சதவீதம் இறங்கலாம். அப்படியானால் 150 என்பது 130 ஆகும். குடும்பத்தில் இளவயது மாரடைப்பு உள்ளவருக்கு அது போதாது, 100க்குக் கீழே வர வேண்டும். அதற்கும் கீழே வேண்டுமா என்பதை அவரைப் பார்க்கும் டாக்டர் முடிவு செய்யட்டும். ஆகவே சாப்பாடும் வேண்டும், மாத்திரையும் வேண்டும். மாத்திரை போட்டபோது தசை வலி இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள், சிலர் அதைச் சொல்லாமலே நிறுத்திவிடுவார்கள். அப்படி இருந்தால் அளவையோ மருந்தையோ மாற்ற வழி உண்டு.

குவைத் கொழுந்தனும் ஒரு தடவை இரத்தம் பார்க்க வேண்டும். அண்ணனை இழந்த குடும்பத்தில் அவரும் ஒருவர். உங்கள் பிள்ளைகள் இருபது தாண்டியிருந்தால் அவர்களும். வழக்கமான பரிசோதனையோடு லிப்போபுரோட்டீன்-ஏ என்ற ஒன்றை வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தால் போதும். அது பிறப்பிலேயே வருவது, சாப்பாட்டால் மாறாது. இளவயது மாரடைப்பு உள்ள குடும்பங்களில் அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.

உங்கள் ரிப்போர்ட்டில் எல்.டி.எல். 150 என்பது நேரடியாக அளந்தது இல்லை என்று நினைக்கிறேன். மொத்தத்தில் எச்.டி.எல்.லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் வருகிற எண் அது. 236இல் 38 போய், 48 போய், சரியாக 150. ட்ரைகிளிசரைடு மிகவும் ஏறினால் இந்தக் கணக்கு தப்பும், அதனால் அடுத்த தடவை பன்னிரண்டு மணி நேரம் பட்டினி இருந்து கொடுக்கட்டும். மாத்திரை திரும்ப ஆரம்பித்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பாருங்கள். அதோடு தைராய்டும் ஈரல் பரிசோதனையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தைராய்டு குறைந்தாலும் எல்.டி.எல். ஏறும். முந்தின நாள் கல்யாண வீடு எதுவும் இல்லாத நாளாகப் பார்த்து வையுங்கள். பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு, கடையை யாரிடமாவது ஒரு மணி நேரம் ஒப்படைத்துவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டே அதே டாக்டரிடம் போங்கள்.